பழமொழியா, பழிமொழியா?

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்கிறது ஒரு பழமொழி. "அடியாத மாடு படியாது" என்கிறது மற்றொன்று. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா!" என்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் உரிமை எழுதிக்கொடுத்த பெற்றோர் நம் நாட்டில் ஏராளம். முன்னோர் மொழி என்று இவற்றைப் போற்றுகின்றனர். முதுமை ஒன்றே ஒரு மொழியை உண்மையாக்கிவிடுமா? செய்யுளை ஆராய்வதுபோல் இவற்றையும் சற்று ஆராய்வோம்.

முதலில் முருங்கை. வினை, பயன், மெய், உரு என உவமையை நான்காக வகுத்தார் தொல்காப்பியர். இந்த உவமை எதில் பொருந்துகிறது? முருங்கையின் நுனியை ஒடித்தால் பக்கக் கிளைகள் அரும்பும். கைக்கு எட்டும் உயரத்தில் கீரையும் காயும் கிடைக்கும். பயன் யாருக்கு? ஒடித்தவனுக்கு! மரத்துக்கு அச்சமில்லை, அவமானமில்லை, இரவில் விழித்தெழுந்து அழும் நினைவில்லை. குழந்தைக்கோ இம்மூன்றும் உண்டு. முருங்கைக் கிளையைவிட எளிதாக ஒடிந்துவிடுகிறது இந்த உவமை!

அடுத்து மாடு. அடித்தால் படியும் என்பது மெய்யாகவே இருக்கட்டும். படிதல் வேறு, படித்தல் வேறு அன்றோ? நுகத்துக்குக் கழுத்தை நீட்டுவது படிதல். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்பது படித்தல். ஏருக்கு மாடு தேடுவோர் சொன்ன மொழியை, அறிவுக்கு ஆள் தேடுவோர் ஏன் கடன் வாங்க வேண்டும்?

வள்ளுவரிடம் செல்வோம். மக்கட்பேறு பற்றிய பத்துக் குறளிலும் பிரம்பு இல்லை. குழந்தையின் உடல் நம்மீது படுவதை இன்பம் என்று கொண்டாடியவர் அவர். அந்த உடல்மீது கை ஓங்கச் சொன்னாரில்லை. "கடுமையாக ஓங்கி, மென்மையாக அடி என்றாரே!" எனச் சிலர் வாதிடக்கூடும். அது 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில், மன்னனுக்குச் சொன்னது. அங்கும், குடிகள் அஞ்சும்படி ஆளாதே என்பதே அவர் கருத்து. மன்னனுக்கே மறுத்ததை மழலைமீது ஏவுவது எவ்வகை நீதி?

இலக்கியம் இருக்கட்டும்; நடப்பைப் பார்ப்போம். கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு ஒழிந்தது, பிரம்பு ஒழியவில்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆம் விதி, சில குற்றங்களுக்குத் தலைமையாசிரியர் மேற்பார்வையில் கையில் 6 அடி வரை கொடுக்க இடம் தந்திருந்தது. 2003இல்தான் அது திருத்தப்பட்டு, அடி அறவே தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் இந்தியா முழுவதும் தடுத்தது. சட்டம் வந்தது, பழமொழி போகவில்லை!

பள்ளிக்கேனும் சட்டம் உண்டு. வீட்டுக்கு? பெற்றோர் அடிப்பதைத் தனியே தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இன்றும் இல்லை. சுவீடன் 1979இலேயே வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. "அடியின்றி ஒழுக்கம் ஏது?" என்போருக்கு ஆராய்ச்சியும் விடை தருகிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்னும் அறிஞர் இருவர், 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்குறையும் மிகுந்திருக்கக் கண்டனரேயன்றி, நல்லொழுக்கம் வளரக் கண்டாரில்லை.

செவ்வாப்பேட்டை இரயில் நிலையத்தில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். காக்களூரிலும் அம்பத்தூரிலும் உழைத்துக் களைத்தவர்கள் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். ஆலையில் மேற்பார்வையாளர் ஒருவர் தொழிலாளிமீது கை ஓங்கினால் என்ன நடக்கும்? சங்கம் கூடும், முழக்கம் எழும், வேலை நிற்கும். நிற்கத்தான் வேண்டும்! ஆனால் அதே தோழர் வீடு திரும்பி, கணக்குத் தவறிய மகன்மீது கை ஓங்கும்போது, எந்தச் சங்கம் கூடும்? வளர்ந்தவனை அடித்தால் குற்றம். திருப்பி அடிக்க வலுவில்லாத சின்னஞ்சிறுவனை அடித்தால் வளர்ப்பு! இதுவா நியாயம்?

களைப்பும் கடனும் நெருக்குவதை நாம் அறிவோம். நெரிசல் மிகுந்த வகுப்பில் ஆசிரியர் படும் பாட்டையும் அறிவோம். அவர்களைத் தூற்றுவது நமது நோக்கமன்று. அவர்களும் அடிபட்டு வளர்ந்தவர்களே. "நான் அடிபட்டுத்தான் ஆளானேன்" என்று சொல்லும் தந்தை, அடிபட்டும் ஆளானார் என்பதே உண்மை. அவரை ஆளாக்கியது அவர் உழைப்பு, தழும்பு அன்று.

வலியவன் சொன்னால் வாய் பொத்து என்பதே பிரம்பு கற்பிக்கும் முதற்பாடம். அப்பாடத்தைப் பத்தாண்டு பயின்ற பிள்ளை, நாளை சாதி ஆணவத்தின் முன்னும் முதலாளியின் முன்னும் நிமிர்ந்து நிற்பான் என்று எதிர்பார்க்கலாமா? தன்மானம் மேடையில் மட்டும் முளைப்பதன்று. தொட்டிலருகே முளைக்க வேண்டியது.

தோழர்களே, இன்றிரவு உங்கள் கை ஓங்கும் வேளையில் ஒரு நொடி நிறுத்துங்கள். பிள்ளை ஏன் தவறினான் என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். முருங்கையை ஒடிப்பது கொல்லையோடு நிற்கட்டும்.