ஆர்வலரும் அரங்கும்: யப்பானிய அசைவூட்டத் திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

யப்பானிய அசைவூட்டப் படங்கள் ஆர்வலரின் சிறு வட்டங்களிலிருந்து வெளிப்பட்டுப் பெருந்திரையரங்குகளை அடைந்தமையை இரசனையின் வெற்றி என்றே பலரும் கொள்வர். இரசனை வானத்திலிருந்து வீழ்வதில்லை. சமூக உறவுகளினூடாக உருவாகி உற்பத்தி முறையோடு பிணைந்து நிற்பது அது. எனவே இவ்வுற்சாகம் யாருடைய தேவையை நிறைவுசெய்தது, எதனை மறைத்தது என்னும் வினாக்கள் எழுகின்றன.

1974 ஒக்டோபரில் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாற்றோ’, போதிய பார்வையாளரைப் பெறாமையால் 26 பகுதிகளுடன் 1975 மார்ச்சில் முடிவுற்றது. ஆயின் மறு ஒளிபரப்புகள் வாயிலாக மாணவரிடையே அதற்கு மன்றங்கள் தோன்றின, சிற்றேடுகள் வெளிவந்தன. 1977 ஆகஸ்ட் 6இல் அத்தொடர் சுருக்கப்பட்டுத் திரைப்படமாக வெளியானபோது, இளைஞர் முதல்நாளிரவே அரங்குகளின் முன் வரிசையில் நின்றனர். வீடுகளில் தனித்திருந்தோர் தம்மை ஒரு கூட்டமாகக் கண்டுகொண்டனர். சிறுவர்க்குரியதெனக் கருதப்பட்ட கலைவடிவத்துக்கு வளர்ந்தோரிடையேயும் சந்தை உண்டென்பதை முதலாளிகள் கண்டுகொண்டதும் அப்போதே.

அவர்கள் கொண்டாடிய பொருளும் நோக்கற்பாலது. 1945 ஏப்பிரல் 7இல் ஏறத்தாழ 3,000 பேருடன் மூழ்கிய பேரரசுக் கடற்படையின் கப்பலே அங்கு விண்கலமாக உயிர்த்தெழுகின்றது. ஆக்கிரமிப்புப் போரின் சின்னம் உலகை மீட்கும் தியாகமாக உருமாறுகின்றது. இளைஞரின் கண்ணீரில் வரலாற்று மறதியும் கலந்திருந்தது எனலாம்.

1979இல் தொடங்கி 43 பகுதிகளுடன் இடைநிறுத்தப்பட்ட ‘கன்டம்’ இதனின்று வேறுபட்டது. போரின் இருபுறத்தும் மனிதரைக் கண்ட அத்தொடரையும் ஆர்வலரே மீட்டனர். 1981 மார்ச்சில் அது திரையரங்கை அடைந்தது. ஆயின் போரின் அவலத்தைக் கூறிய அப்படைப்பே போர்ப்பொறிகளின் பிளாத்திக்கு உருவங்களை விற்பதற்கும் வழியாயிற்று. படைப்பின் கருத்தும் அதன் பொருளாதார அடித்தளமும் முரண்பட்டு நிற்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

இவ்வரலாற்றில் பெரும்பாலும் பேசப்படாதோர் வரைவோரே. தோயி அசைவூட்ட நிறுவனத்தில் 1961இல் தொழிற்சங்கம் உருவாயிற்று. அச்சங்கத்தில் முன்னின்று உழைத்த தக்கஹாத்த இசாவோ, மியசாக்கி ஹயாவோ முதலியோர் கூடிப் படைத்த ‘சூரியனின் இளவரசன்’ (1968) ஒரு கிராமத்து மக்களின் ஒற்றுமையைப் பொருளாகக் கொண்டது. வணிகரீதியில் அது தோல்வியுற்றது. அதன் பெறுமதி பிற்காலத்திலேயே உணரப்பட்டது. பின்னர் வேலைகள் துணை ஒப்பந்தங்களாகச் சிதறின. தென்கொரியா, பிலிப்பைன்சு முதலிய நாடுகளுக்கும் சென்றன. ஒரு சித்திரத்துக்கு இவ்வளவு என்னும் துண்டுக்கூலி நிலைபெற்றது. 2020இல் வெளியான ‘கிமெற்சு நொ யாய்பா’ திரைப்படம் யப்பானில் மாத்திரம் 4,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியபோதும் இத்தொழிலில் துண்டுக்கூலி மறையவில்லை.

ஆர்வலரின் உற்சாகத்தை வெறும் சந்தைமயக்கமெனத் தள்ளுதல் வரட்டுவாதமாகும். முதலாளி கைவிட்ட தொடரை உயிர்ப்பித்த கூட்டுச் செயல் அது; அதனுள் ஒரு மக்கள் ஆற்றல் உறைந்துள்ளது. ஆயினும் பாத்திரங்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக அறிந்த ஆர்வலர், அப்பாத்திரங்களை வரைந்த கைகளின் கூலியையும் வினவத் தொடங்கும்போதே அவ்வாற்றல் தன் முழுமையை எய்தும் என்பது நமது துணிபு.