சுற்றுலாக்காரனின் கண்

தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் யாராவது கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார்கள். எடுக்கும் படத்தில் ரயில், பனி, தேயிலை. கொழுந்து பறிப்பவள் தெரிந்தால் அவளும் அழகுக்குத்தான். பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ (2023) படம் இந்தக் கண்ணைத்தான் பிடித்து உலுக்குகிறது.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக் காலம். எரிபொருள் இல்லை, மின்வெட்டு. மலையாளத் தம்பதி ஒன்று திருமண நாளைக் கொண்டாட மலைநாட்டுக்கு வந்து, இராமாயணத் தலங்களைச் சுற்றுகிறது. இரவில் மடிக்கணினியும் போன்களும் களவு போகின்றன. பொலிஸ் யாரைப் பிடிக்கும்? தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன்களை. இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணவன் அவர்களைத்தான் கைகாட்டுகிறான். பொலிஸ் அடியில் ஓர் உயிர் போகிறது.

விதானகேயின் கெட்டித்தனம், நம்மைத் தோட்டத்து மக்களோடு அல்ல, அந்தத் தம்பதியோடு உட்கார வைப்பது. பொருள் கிடைத்துவிடாதா என்று நாமும் சற்று நேரம் நினைத்துவிடுகிறோம். அடி வாங்குகிறவன் நம்மவன் என்பது பிறகுதான் உறைக்கிறது. அந்த வெட்கம் லேசில் போகாது. ராஜீவ் ரவியின் கேமராவும் மலையின் அழகை மறைக்கவில்லை. அதுதான் இன்னும் தொந்தரவு.

தோட்டத்தார் வாய் திறந்து பேசும் இடங்கள் குறைவு. அது எனக்குக் குறையே. ஆனால் புருஷனிடமிருந்து மெல்ல மெல்ல விலகிப்போகும் அந்த முகம், தர்ஷனா ராஜேந்திரனுடையது, பல வசனங்களுக்குச் சமம். முடிவில் நடப்பது தற்செயலா, தீர்மானமா? பார்த்தவர்களிடம் கேளுங்கள், சண்டைதான் வரும்.