‘சில நேரங்களில் சில மனிதர்கள்’: வாசகர் தீர்ப்பும் கங்காவின் தீர்ப்பும்

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஜெயகாந்தன் (1934–2015) எழுதிய நாவல். தினமணி கதிர் இதழில் தொடராக வந்து 1970-இல் நூலாயிற்று. 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது. தனிமனிதரின் சுதந்திரம் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நாவல்களில் அதிகம் பேசப்பட்டவற்றுள் இது ஒன்று.

இந்த நாவலுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இது வாசகர்களின் எதிர்வினையிலிருந்து பிறந்த நாவல். ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு வாசகர்கள் போட்ட சண்டைக்கு எழுத்தாளர் கொடுத்த பதிலே இந்நூல். எனவே கதையை மட்டும் பார்க்காமல், அதைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்படும்.

சிறுகதை: அக்கினிப் பிரவேசம்

1966-இல் ஆனந்த விகடன் இதழில் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. பெண்கள் கல்லூரி ஒன்றின் அருகே பேருந்து நிறுத்தம். மாலை நேரம், நல்ல மழை. ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பேருந்துக்காக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. வீட்டில் விடுவதாகச் சொல்லி அவளை ஏற்றிக்கொள்ளும் செல்வந்த இளைஞன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய பெண் நடந்ததைத் தன் தாயிடம் சொல்லிவிடுகிறாள். கணவனை இழந்த அந்தத் தாய் முதலில் பதறுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அகலிகை கதையை நினைவூட்டித் தேற்றுகிறாள். இதை யாரிடமும் சொல்லாதே என்றும் எச்சரிக்கிறாள்.

கதையின் தலைப்பு சீதையின் தீக்குளிப்பைக் குறிப்பது. இங்கே தீ இல்லை, தண்ணீர்தான். ஊரார் முன்னிலையில் நிரூபிக்க வேண்டிய ஒன்றை ஒரு தாய் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ கதையில் இதே அகலிகையைக் கொண்டு வேறு கேள்வி கேட்டார். சீதை தீயில் இறங்கினாள் என்று கேட்டதும் அவருடைய அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஜெயகாந்தனின் தாயோ அந்தப் பழைய கதையிலிருந்தே மகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறாள்.

1966-இல் வாசகர் சொன்னவை

கதை வெளிவந்ததும் பெரிய விவாதம் எழுந்தது. அன்றைய வாரப் பத்திரிகையை இன்றைய அச்சு இதழோடு ஒப்பிட முடியாது. ஒரு வீட்டில் வாங்கும் விகடன் ஐந்தாறு வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பும். மயிலாப்பூரில் வாடகை நூலகங்கள் தொடர்கதைகளை இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, பைண்டு செய்து, நாள் கணக்கில் வாடகைக்கு விட்டன. பாட்டி, மருமகள், கல்லூரிக்குப் போகும் பெண் என்று மூன்று தலைமுறையும் ஒரே கதையைப் படித்துவிட்டுப் பேசினார்கள்.

கண்டித்தவர்களின் வாதம் இது: தாய் இப்படிச் செய்யலாமா? குற்றத்தை மூடி மறைப்பதைக் கதை நியாயப்படுத்துகிறதே, வயதுப் பெண்களுக்கு இது என்ன பாடம்? ஆதரித்தவர்களின் வாதம் இது: அறியாப் பெண்ணுக்கு நேர்ந்ததற்கு அவள் ஏன் ஆயுள் முழுக்கத் தண்டனை பெற வேண்டும்? அந்தத் தாய் செய்ததே அறம். முடிவு சரியில்லை என்று வேறு முடிவை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

ஒரு படைப்பின் முடிவை மாற்றச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று. நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879-இல் வெளிவந்தது. அதன் நாயகி நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறுவாள். ஜெர்மனியில் அந்த வேடம் ஏற்ற நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்துவிட்டார். மற்றவர்கள் சிதைத்துவிடுவதற்குள் தானே செய்துவிடலாம் என்று இப்சன் மனமில்லாமல் மாற்று முடிவு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா வீட்டிலேயே தங்கிவிடுவாள்.

ஜெயகாந்தனும் மாற்று முடிவு எழுதினார். ஆனால் வாசகரைச் சமாதானப்படுத்த அவர் அதை எழுதவில்லை. நீங்கள் கேட்ட முடிவு இதுதானே, அதன்படி நடந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று பாருங்கள் என்று நாவலாகவே எழுதிக் காட்டினார்.

நாவல்: வாசகருக்குப் பதில்

நாவலில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. அவளே தன் கதையைச் சொல்கிறாள். இங்கே தாய் கனகம் தண்ணீர் ஊற்றவில்லை, கூச்சலிட்டுவிடுகிறாள். ஊர் கூடுகிறது. அண்ணன் கணேசன் அவளை அடித்து வீட்டை விட்டுத் துரத்துகிறான். தாய்மாமன் வெங்கு அழைத்துப் போய்ப் படிக்க வைக்கிறார். ஆனால் அந்த ஆதரவுக்குப் பின்னால் அவருடைய ஆசையும் இருக்கிறது.

ஆண்டுகள் கழித்துக் கங்கா சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறாள். அப்போது ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ஒரு கதையைப் படிக்கிறாள். அந்தக் கதையின் பெயர் ‘அக்கினிப் பிரவேசம்’. தனக்கு நடந்ததே கதையாக வந்திருக்கிறது, தாயின் செயல் மட்டும் வேறு. ஜெயகாந்தன் தன் சிறுகதையையும் அதைப் படித்த வாசகரையும் நாவலுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார். இந்த முறை வாசகர் வேறு யாருமல்லர், பாதிக்கப்பட்டவளே.

மாமா அவளை ஏளனம் செய்கிறார். உன்னால் ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வைப்பாகத்தான் இருக்க முடியும். சாமர்த்தியம் இருந்தால் உன்னைக் கெடுத்தவனையே தேடிப் பிடி என்கிறார். கங்கா அந்தச் சவாலை ஏற்கிறாள். ஆர்.கே.வி. மூலம் பிரபுவைக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவியும் மக்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் இடையே உடலுறவு இல்லாத ஒரு நட்பு வளர்கிறது. அவனுடைய வைப்பு என்ற பெயரை ஊர் ஒட்டுவதற்கு முன்னால் தானே எடுத்து அணிந்துகொள்கிறாள்.

நாவல் வந்த பிறகு விவாதம் திசை மாறியது. சிறுகதைக்காகத் தாயைக் குற்றம் சொன்னவர்கள் இப்போது கங்காவைக் குற்றம் சொன்னார்கள். ஒழுங்காக ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளலாமே என்பது ஒரு கேள்வி. தன்னைக் கெடுத்தவனோடு ஒருத்தி சிநேகமாக இருப்பாளா என்பது இன்னொன்று.

1977-இல் படம் வந்தபோது நான் பள்ளி மாணவி. கங்காவாக நடித்த லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற படம் அது. பார்த்துவிட்டு வந்த அன்று எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இரவு வெகுநேரம் பேச்சு ஓயவில்லை. “பெத்தவளே ஊரைக் கூட்டினா அந்தப் பொண்ணு எங்க போவா?” என்றார் பெரியம்மா. “கத்தினவளும் அன்னிலேருந்து அழுதுண்டுதானே இருந்தா, அவ கிட்ட யார் சமாதானம் சொன்னா?” என்றார் அம்மா. இரண்டு பேச்சும் தாயைப் பற்றியவையே. கங்காவைப் பற்றி எங்கள் வீட்டில் அன்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தீர்ப்பு யாருடையது?

ஆசிரியராக இருந்த காலத்தில் மேல்நிலை வகுப்பு மாணவிகளுக்கு நூலகப் பாடவேளையில் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைச் சொல்வது என் வழக்கம். சொல்லி முடித்ததும் தாய் செய்தது சரியா, தவறா என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். ஒரு முறை கடைசி வரிசைப் பெண் எழுந்து, “அந்தப் பொண்ணுக்கு என்ன தோணுதுன்னு யாருமே கேக்கலையே, மிஸ்?” என்றாள். நானும் அத்தனை ஆண்டுகளாகத் தவறான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது.

கண்டித்தவர், ஆதரித்தவர் இரு சாராரும் ஒரே இடத்தில் நின்றுதான் வாதிட்டார்கள். பெண்ணைப் பற்றி முடிவு எடுக்கும் உரிமை வேறொருவருக்கு உண்டு என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த முடிவு கருணையுள்ளதா, கடுமையானதா என்பதுதான் அவர்களுடைய சண்டை. நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் தாயும் ஒரு தீர்ப்புத்தான் வழங்குகிறாள். அது அன்பான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டிய அழுக்கு ஒன்று அவள் மேல் இருந்தது என்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது.

நாவலில் எழுத்தாளர் இந்த இடத்தைத்தான் மாற்றுகிறார். பேச்சைக் கங்காவிடம் கொடுக்கிறார். அம்மா, அண்ணன், மாமா, எழுத்தாளர் ஆர்.கே.வி., ஊர் என்று எல்லோருடைய தீர்ப்பையும் அவள் கேட்டு, எடைபோட்டு, தன் தீர்ப்பைத் தானே எழுத முயல்கிறாள். தனிமனித வாதம் என்று இதனைச் சொல்லலாம்.

தனிமனித வாதம் என்றதும் ஆங்கிலம் படிக்கும் கல்லூரி மாணவர் பலருக்கு அயன் ராண்டின் ‘தி ஃபவுன்டன்ஹெட்’ (1943) நாவல் நினைவுக்கு வரும. அதன் நாயகன் ஹோவர்டு ரோர்க் கட்டடக் கலைஞன். தன் வரைபடத்தை மற்றவர்கள் மாற்றிக் கட்டியதால் அந்தக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்க்கிறான். நீதிமன்றத்தில் நீண்ட உரை ஆற்றி விடுதலையும் பெறுகிறான். கங்காவுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. அவளுடைய நீதிபதிகள் சமையலறையிலும் அலுவலகத்திலும் அண்டை வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன் உரை ஆற்ற முடியாது, நாள்தோறும் வாழ்ந்துதான் காட்ட வேண்டும். தனிமனிதராக நிற்பதற்கு ஒரு பெண் கொடுக்கும் விலையை இந்த நாவல் கூடுதல் உண்மையோடு காட்டுகிறது என்பது என் கருத்து.

நாவலின் குறை

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். கங்காவின் சுதந்திரம் முழுமையானதா? அவளுக்குப் படிப்பு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. ஆனால் அவள் வாழ்க்கையின் பெரிய முடிவு மாமா விட்ட ஒரு சவாலுக்குப் பதிலாகவே அமைகிறது. மாமாவைத் தோற்கடிப்பதற்காக அவர் வகுத்த பாதையிலேயே நடக்கிறாள். ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதும் ஒருவகையில் அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான்.

பிறகு பிரபு, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து விலகிப் போகிறான். மறுபடியும் அவளுக்காக வேறொருவர் முடிவு எடுக்கிறார். கங்கா குடிப் பழக்கத்துக்கு ஆளாகிறாள். பின்னர் வந்த ‘கங்கை எங்கே போகிறாள்’ நாவலில் அவள் வாழ்க்கை காசியில் கங்கை நதியில் முடிகிறது. ஊரின் கருத்துக்கு அஞ்சாமல் எழுதிய ஜெயகாந்தன்கூட, தனியாக நிற்கும் ஒரு பெண்ணுக்கு நிம்மதியான நடுத்தர வயதை எழுதிக் கொடுக்கவில்லை. அது அவள் பெற்ற தண்டனை என்று படித்த வாசகர்கள் உண்டு. அன்றைய சமூகம் அவளுக்கு வேறு இடம் தரவில்லை, எழுத்தாளர் உள்ளதைச் சொன்னார் என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அதே சென்னையில் அதே காலத்தில் வேலைக்குப் போய்த் தனியாக வாழ்ந்து, ஓய்வூதியமும் வாங்கிய பெண்களை நான் அறிவேன். அவர்களில் ஒருத்தியாகக் கங்காவும் இருந்திருக்கலாம்.

இன்றைய வாசகர்

இன்று இக்கதையைப் படிக்கும் மாணவிகள் கற்பு என்ற சொல்லைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அவர்கள் கேட்பது சம்மதம் பற்றி. காரில் ஏறியது சம்மதமா? அவன் மீது ஏன் புகார் இல்லை? பிரபுவை நல்லவனாகக் காட்டும் பகுதிகள் அவர்களுக்குக் கோபமூட்டுகின்றன. 1966-இல் விவாதம் பெண்ணின் தூய்மையைச் சுற்றி நடந்தது. காரில் வந்தவன் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றான். இன்று அவன் நடுவுக்கு வந்துவிட்டான். இது நல்ல மாற்றம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கங்கா பிரபுவை ஏன் தேடிப் போனாள், அவனிடம் ஏன் வெறுப்பைக் காட்டவில்லை என்று கேட்டு, அவள் எப்படி உணர்ந்திருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்தால், பழைய வாசகர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம். அவளுடைய முடிவு நமக்குப் பிடிக்க வேண்டியதில்லை. அது அவளுடைய முடிவு என்பதை ஏற்றுக்கொண்டு, பிறகு அதனோடு மாறுபடலாம்.

மாணவர்களுக்கு

நாவலை எடுக்கும் முன் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையைப் படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் கருத்தைப் பத்து வரியில் எழுதி வையுங்கள். பிறகு நாவலைப் படித்துவிட்டு அந்தப் பத்து வரியைத் திரும்பப் பாருங்கள். அதில் எத்தனை வரி தாயைப் பற்றியது, எத்தனை வரி காரில் வந்தவனைப் பற்றியது, எத்தனை வரி அந்தப் பெண்ணைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் விவாதத்தைத் தொடங்கலாம்.