வெள்ளைப் பொடி சிமென்ட் இல்லை

அரியலூரில் காலையில் ஒரு பைக் கிளம்ப மறுத்தால் பழி விழுவது சிமென்ட் தூசி மேல்தான். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று சுற்றிலும் ஆலைகள், ஓயாமல் ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகள். பெரம்பலூர் பக்கம் திரும்பினால் கல் குவாரியும் கிரஷரும். ‘ஜெட்டில் தூசி அடைச்சிருக்கு’ என்ற தீர்ப்பை இங்கே யாரும் மேல்முறையீடு செய்வதில்லை. வீட்டிலேயே கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய இணையக் கடைகளில் விற்கும் கிட்டும் இதே தீர்ப்பை நம்பித்தான் தயாராகிறது போலும்: ஒரு ஸ்ப்ரே டப்பா, அதற்கொரு மெல்லிய குழல், ஒரு பிரஷ், வளையத்தில் கோத்த எஃகு ஊசிகள். டப்பாவின் அளவும் விலையும் அட்டையிலேயே இருக்கின்றன, அதை விடுவோம். கிட்டில் பாதி உருப்படியான பொருள், மறுபாதி கார்புரேட்டருக்கு எதிரி. அந்த எதிரி ஊசிதான்.

தூசி எந்த வழியாக வரும் என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். காற்று ஏர் ஃபில்டர் வழியாக வந்து கார்புரேட்டரைக் கடந்து எஞ்சினுக்குப் போகிறது. பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைத் திருகான ஜெட் இருப்பதோ பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குள். ஃபில்டர் கிழிந்திருந்தால் காற்றுத் துளைகள் அடைபடலாம், பிஸ்டன் தேயலாம். பெட்ரோல் கிண்ணத்துக்குள் தூசி குடியேறுவது அரிது. சரி, கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி இருக்கிறதே, அது சிமென்ட் இல்லையா? பெரும்பாலும் இல்லை. பெட்ரோலோடு வந்த ஈரம் கார்புரேட்டரின் உலோகத்தை அரித்ததால் பூத்த உப்பு அது. செம்பழுப்பாக இருந்தால் டேங்கின் துரு. மஞ்சளாகப் பிசின்போல் ஒட்டியிருந்தால், நின்றே கிடந்த பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன கசடு. ஈரத்தை ஈர்ப்பதில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் கெட்டிக்காரன், டேங்கில் ஒட்டிய பழைய கசடைக் கரைத்து இழுத்துவருவதிலும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் வந்துவிட்டது. வெளியிலிருந்து மண் வருவதும் உண்டு: மூடி சரியில்லாத டேங்க், பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் வாங்கி ஊற்றிய பெட்ரோல். ஆனால் அதிகம் அடைபடுவது தினமும் தூசியில் ஓடும் வண்டியா? வெளிநாடு போன பிள்ளையின் பைக், தார்ப்பாய்க்குள் மாதக்கணக்கில் நின்றே கிடப்பதுதான்.

தூசி என்றால் குத்தி எடுக்கலாம், பிசின் என்றால் கரைக்கத்தான் வேண்டும். ஊசிமேல் உள்ள வழக்கே இதுதான். ஜெட் பித்தளை, ஊசி எஃகு. உரசினால் தேய்வது எது என்று கேட்க வேண்டியதில்லை. முதலில் அடைபடுவது ஐடிலிங்கில் வேலை செய்யும் ஸ்லோ ஜெட், ஏனென்றால் அதன் துளைதான் மிகச் சிறியது. 0.35 மில்லிமீட்டர் துளை ஊசி பட்டு 0.40 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடிவிடும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடுதலாக இறங்கும். ‘மெக்கானிக் காலங்காலமாக ஊசியால்தானே குத்துகிறார், வண்டி ஓடவில்லையா?’ என்று கேட்கலாம். ஓடும். பிளக் கருத்துக்கொண்டும், மைலேஜ் குறைந்துகொண்டும் ஓடும். அதைச் சரிக்கட்ட ஏர் ஸ்க்ரூவைத் திருகத் திருக, கோளாறு எங்கே தொடங்கியது என்பதே மறந்துவிடும். குத்தியே ஆகவேண்டுமென்றால் மின்சார ஒயரைப் பிரித்து ஒற்றைச் செம்பு இழை எடுத்தால் போதும். செம்பு இழை வளையும், பித்தளையைக் கீறாது. கிட்டில் அதை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

ஸ்ப்ரேயைத் தாராளமாகப் பாராட்டலாம். ஜெட்டை நனைத்துச் சற்று ஊறவிட்டு, சைக்கிள் பம்பால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிகிறது. சோக் போட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகி, ஐடிலிங்கில் அணைந்துபோகும் வண்டிக்கு இது கைகண்ட மருந்து. ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டிய எச்சரிக்கைகள் பொடி எழுத்தில் கிடக்கின்றன. ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாகத் திரவம் நேராகக் கண்ணுக்கு வரும், அதனால் கண்ணாடி கட்டாயம். ரப்பர் வளையங்களை இது உப்பவைக்கும், முன்பே கழற்றி வைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் எஞ்சின் ஆறிய பிறகு, அடுப்பும் விளக்கும் இல்லாத வெளிவாசலில்தான் வேலை. கிட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்: சரியான ஸ்க்ரூடிரைவர். கிண்ணத்தின் ஸ்க்ரூ தலை மழுங்கிவிட்டால் எந்த ஸ்ப்ரேயும் உதவாது. ஊசிக்குப் பதில் அதைத் தந்திருந்தால் இந்தக் கட்டுரையே பாதியாகியிருக்கும்.

டேங்கில் ஊற்றும் மருந்து இருக்கும்போது கழற்றுவானேன் என்பவர்களும் உண்டு. முழுக்க அடைத்த ஜெட் வழியாக பெட்ரோலே போகாதபோது அதில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? அரைகுறை அடைப்புக்கு அது பலிக்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 மாசு விதிகள் வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான், இனி எதற்கு இந்தப் பாடு என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முந்தைய எக்ஸெல்லும் ஸ்ப்ளெண்டரும் செந்துறை, வேப்பந்தட்டைச் சாலைகளில் பால் கேனும் தீவனக் கட்டும் சுமந்து இன்னும் ஓடுகின்றன. இன்ஜெக்டர் அடைபட்டால் வாசலில் உட்கார்ந்து கழற்றவும் முடியாது.

டப்பாவை மட்டும் தனியாக வாங்குங்கள். வண்டியை நீண்டநாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துவிட்டால் டப்பாவுக்கும் வேலை குறையும். வெள்ளை உப்பு அரித்து ஜெட்டின் துளை கோணியிருந்தால் ஸ்ப்ரேயை வீணாக்க வேண்டாம். புது ஜெட் மலிவு. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், அதன்மேல் பொறித்த எண்ணுக்குச் சரியாகப் பொருந்துவதைத்தான் வாங்க வேண்டும்.