சேர்க்கட்டுமா என்று கேட்கும் கட்டளை

திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றுவது கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு. ஆனால் கொப்பரையும் நெய்யும் காடாத் துணியும் முன்கூட்டியே 2,668 அடி மலையின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்டேஜிங்கும் அந்த மாதிரி ஏற்பாடுதான்: 'கமிட்' என்னும் பதிவுக்குள் போக வேண்டிய மாற்றங்களை முன்கூட்டியே எடுத்து வைப்பது.

ஒரே கோப்பில் பல இடங்களில் கை வைத்திருப்போம்: ஒரு பிழைத்திருத்தம், ஒரு பெயர்மாற்றம், சோதனைக்காகப் போட்ட பிரிண்ட் வரி. எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் அள்ளிப் போட வேண்டியதில்லை. 'கிட் ஆட் -பி' என்று அடித்தால், மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 'ஒய்' என்றால் சேரும். 'என்' என்றால் கோப்பிலேயே நிற்கும். 'எஸ்' என்றால், பிரிக்க முடிகிற துண்டை இன்னும் சிறிதாகப் பிரித்துத் தரும். என்ன பொறுமை!

ஸ்டேஜ் செய்தபின் அதே கோப்பை மறுபடி திருத்தினால், புதுத் திருத்தம் தானாக உள்ளே போகாது. ஸ்டேஜ் செய்த நேரத்து வடிவம்தான் கமிட்டாகும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இது. எனக்கோ ஸ்டேஜிங்கின் அழகே இதுதான்.

கமிட் கொடுக்கும் முன் 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு' அடித்து ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.