இயக்கனும் சந்தால் குடும்பமும்: சிற்பத்திற் குறியீடு பற்றி ஒரு நோக்கு

தற்காலச் சிற்பத்திற் பண்பாட்டுத் தனித்துவம் பற்றிப் பேசுவோர், பழைய குறியீடுகளை மீட்டெடுப்பதையே பெரும்பாலும் அதற்குரிய வழியாகக் கொள்கின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, வங்கச் சிற்பி ராம்கிங்கர் பைஜின் (1906–1980) ஆக்கங்களுள் இரண்டினை ஒப்புநோக்கி ஆராயலாம்.

புதுடில்லியில் இந்திய ரிசேவ் வங்கியின் வாயிலில் நிற்கும் இயக்கன், இயக்கி சிற்பங்கள் 1960களில் நிறைவுற்றவை. பார்க்கம் என்னும் ஊரிற் கண்டெடுக்கப்பட்டு மதுரா நூதனசாலையிற் பேணப்படும் பண்டைய வடிவமே இயக்கனுக்கு முன்மாதிரி. செல்வத்தின் காவலனாகிய அவனது ஒரு கையிற் பணப்பையும், மறு கையிற் கைத்தொழிலைச் சுட்டும் சக்கரமும் உள்ளன. இயக்கியிடம் உள்ள மலரும் கதிரும் வேளாண்மையைச் சுட்டுவன. சிற்பங்களின் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், விளக்கம் கூறுவார் இன்றி இவற்றின் பொருளை வழிப்போக்கர் உணர்தல் அரிது. குறியீடு இங்கு சிற்பத்தின் கையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் உடலிலிருந்து பிறக்கவில்லை.

1938இற் சாந்திநிகேதனில் அவர் ஆக்கிய 'சந்தால் குடும்பம்' இதற்கு முற்றிலும் மாறானது. காவுதடி சுமந்த ஆண், இடுப்பிற் குழந்தையுடன் பெண், கூடையில் இன்னொரு குழந்தை, உடன்வரும் நாய் என, உடைமைகளோடு இடம்பெயரும் ஓர் உழைப்பாளர் குடும்பம் அது. புராணச் சின்னம் எதுவும் அதில் இல்லை. வெண்கலமோ சலவைக்கல்லோ அன்றி, சீமெந்தும் செம்புறைக்கற் சரளையுமே அதன் ஊடகம். அக்குடும்பம் நடக்கும் செம்மண்ணே அவர்தம் மேனியாகிவிடுகின்றது. தேவர்க்கும் மன்னர்க்கும் தலைவர்க்கும் உரியதாயிருந்த பேருருவம் கூலியாளருக்கு வழங்கப்பட்டமையே இங்கு குறியீடாகின்றது.

பைஜ் சந்தால் இனத்தவர் அல்லர். எனவே இதுவும் பிறர் வாழ்வை அழகுபடுத்திக் காட்டும் முயற்சிதானே எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், பழங்குடியினரை ஆடலும் பாடலுமாகவே காட்டும் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை என்பது அவதானிக்கத்தக்கது. அவர் கண்டது, வேலை தேடிச் செல்லும் மனிதரின் சுமையையும் விரைவையுமே. அவர்தம் வறுமையை மறைக்கவுமில்லை. அதனை இரக்கத்துக்குரிய காட்சியாக்கவுமில்லை.

மரபு வேண்டாம் என்பது நம் வாதமன்று. ஒரே சிற்பி இரு வழிகளிலும் முயன்றுள்ளார் என்பதே அதன் வலிமைக்குச் சான்று. ஆயின், மரபுச் சின்னத்தைச் சிலையின் கையிற் கொடுத்துவிட்டால் தனித்துவம் தானே வந்துவிடும் என எண்ணுதல் தவறு. அது மாந்தர் நிற்கும் நிலையிலும் நடக்கும் நடையிலும் சுமக்கும் சுமையிலும் தேடப்பட வேண்டியது.