மெலிந்த மண்ணின் ஆவாரை

தேனி என்றதும் வெளியூர்க்காரர்கள் மனதில் வருவது பச்சைதான். லோயர்கேம்ப்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல், கம்பத்தைச் சுற்றிப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பள்ளத்தாக்கின் இந்த முகத்தைப் புகழப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது மறுமுகத்தைப் பற்றி. ஆண்டிபட்டிக் கரடுகள், கண்டமனூர், கடமலைக்குண்டுப் பக்கத்துச் சரளை மேடுகள், தேவாரம், கோம்பை மலையடிவாரத்து மானாவாரிப் புஞ்சைகள். ஆடி மாதத்தில் மேற்குமலை மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடும். இங்கே வருவது காற்றுதான். அந்தக் காற்றையும் வெயிலையும் தின்று வளர்கிற செடி ஆவாரை. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் போதும், மார்கழிக் கடைசியில் கரடே மஞ்சளாகி நிற்கும்.

ஆவாரம்பூவைக் கொத்தாகத் தூரத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஒற்றைப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து இதழ்களும் ஒரே அளவில் இருக்காது. விளிம்பு லேசாகச் சுருங்கியிருக்கும். நரம்போட்டம் தெளிவாகத் தெரியும். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். மேலே மூன்று வளராமல் குறுகி நிற்க, கீழே மூன்று நீண்டு வளைந்து வெளியே வரும். இந்தப் பூவில் தேன் கிடையாது. தேடி வருகிற வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். அதுவும் சும்மா உதிராது. மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். வண்டு பறக்கும்போது வருகிற ரீங்காரம் ஒன்று, பூவைப் பற்றிக்கொண்டு எழுப்புகிற ஒலி இன்னொன்று. இரண்டாவது சற்றுக் கூர்மையாக, விட்டுவிட்டுக் கேட்கும். காலை வெயில் ஏறும் நேரத்தில் பூத்த ஆவாரைக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றால் இந்த இரண்டையும் காதாலேயே பிரித்துவிடலாம். எனக்குத் தெரிந்து கரட்டில் இதைவிட நல்ல கச்சேரி இல்லை.

மஞ்சள் பூப் பூக்கும் இதன் உறவுச் செடிகள் பல உண்டு. குழம்பாமல் இருக்க இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காது மடல் போல அகன்ற செதில் ஒன்று காம்பைத் தழுவியபடி இருக்கும். அதோடு, காகிதம் போல மெலிந்து தட்டையான காய். முற்றியதும் காற்றில் சலசலக்கும். இவை இரண்டும் இருந்தால் அது ஆவாரைதான். இலையின் அடியில் பச்சைப் புழுக்கள் தென்பட்டால் மருந்தடிக்க ஓடவேண்டாம். வெள்ளையும் மஞ்சளுமாகப் பறக்கிற பட்டாம்பூச்சி வகைகள் சில, முட்டையிடத் தேடி வருவது இந்தச் செடியைத்தான். புழு தின்ற இலையை அடுத்த மழையில் செடி ஈடுகட்டிவிடும்.

வளர்ப்பதில் ஒரே ஒரு கலைதான், அது விலகி நிற்பது. தோட்டக்காரர்களுக்கு இதுதான் கடினம். வாய்க்கால் ஓரத்து வண்டலில், தொழுவுரம் போட்டு, வாரம் இரண்டு தண்ணீர் விட்டு வளர்த்த ஆவாரையைப் பார்த்திருக்கிறேன். தழை கறுகறுவென்று செழித்திருக்கும், பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அதே விதை சரளையில் விழுந்தால் செடி இடுப்புயரம்தான் வரும், ஆனால் கிளை நுனியெல்லாம் கொத்து. பூவின் நிறமும் அழுத்தமாக இருக்கும். மெலிந்த மண்ணும் முழு வெயிலும்தான் இதன் எரு. தண்ணீர் தேங்கும் இடமும் நிழலும் ஆகாது.

காய் பழுப்பாகிக் காய்ந்ததும் விதை எடுக்கலாம். விதைத்தோல் கல்லாக இருக்கும். அப்படியே போட்டால் முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறும் வரை விட்டு, ஓர் இரவு ஊறவைத்து எடுத்தால் உப்பிய விதைகள் சீக்கிரம் முளைக்கும். பையில் நாற்று விட்டு வளர்ப்பதைவிட மழைக்கு முன்னே நிலத்திலேயே ஊன்றுவது நல்லது. ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போகிற செடி இது. வேர் பைக்குள் சுருண்டுவிட்டால் பிறகு நிமிராது. முதல் கோடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் செடி உங்களைக் கேட்காது. ஆடு, மாடு விரும்பி வாய் வைக்காது என்பதால் வேலிக்கும் ஆகும். பூத்துக் காய்த்த பிறகு கவாத்து செய்தால் அடியிலிருந்து புதுத் துளிர் வரும். வெட்டுப்பட்ட தழையை வயலில் மிதித்தால் தழையுரம். களர் நிலத்தைத் திருத்தவும் பழைய ஆட்கள் ஆவாரந்தழையைத்தான் போட்டார்கள்.

இனி பறிப்பு. என் கணிப்பில் ஆவாரம்பூவின் தரத்தில் பாதி செடியிலேயே முடிவாகிவிடுகிறது, மீதிப் பாதி பறிக்கிற கையிலும் உலர்த்துகிற இடத்திலும் இருக்கிறது. பனி காய்ந்த பிறகு, வெயில் சுடுவதற்கு முன் பறிக்க வேண்டும். ஈரத்தோடு பறித்த பூ உலரும்போது கறுத்துப்போகும். கடமலைக்குண்டுப் பக்கம் மடிகட்டிப் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, கூட வந்த பேத்தியை அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது: “மொக்க விட்டுரு தாயி, அது நாளைக்குள்ளது. விரிஞ்சத மட்டும் கிள்ளு. கொத்தோட பிச்சா கொப்பு வெறுத்துப் போகும்.” எந்தச் செயல்முறைக் கையேடும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

உலர்த்துவது நிழலில்தான். வெள்ளை வேட்டியையோ பழைய பருத்திச் சேலையையோ விரித்து, பூ மேல் பூ விழாமல் பரப்பி, காற்றோடுகிற திண்ணையில் விட வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்று இதற்கென்றே அடிக்கிறது. சில நாட்களில் இதழ் மொறுமொறுத்துவிடும். அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், மஞ்சள் போய்விடும். நாட்டு மருந்துக்கடையில் வாங்குபவர்கள் இந்த நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். நல்ல சரக்கு காய்ந்த பின்னும் பொன்னிறமாக இருக்கும். இதழ் முழுசாக இருக்கும். காம்பும் குச்சியும் குறைவாக இருக்கும். பழுப்பேறி, தூளாகி, மக்கல் வாடை அடிப்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூவை வைத்துச் செய்கிற பானத்தில் பலர் கெடுப்பது ஒரே இடத்தில்: அதிகம் கொதிக்கவிடுகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கைப்பிடி உலர்ந்த பூவைப் போட்டு மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வெளிர் பொன்னிறம் இறங்கும். முதல் வாயில் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் மெல்லிய துவர்ப்பு எழுந்து, அடங்கும்போது லேசான இனிப்பு மிஞ்சும். அந்த முடிவுக்காகத்தான் இதைக் குடிக்கிறேன். கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்பு தலைதூக்கி அந்த இனிப்பை மூடிவிடும். கருப்பட்டி, சுக்கு சேர்த்துக் குடிக்கிறவர்களும் உண்டு. ருசிதான், ஆனால் அப்புறம் அங்கே பூ இருக்காது. இலங்கையின் வறண்ட பகுதிச் சிங்களர்கள் இதையே ரணவரா என்ற பெயரில் தேநீராகக் குடிக்கிறார்கள். வறண்ட நிலத்துக்காரர்கள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செடியை நம்பியிருக்கிறார்கள்.

புதுப் பூ கிடைக்கிற நாட்களில் கூட்டு வைக்கலாம். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, சின்ன வெங்காயமும் சீரகமும் பச்சைமிளகாயும் வதக்கி, கடைசியில்தான் இதழ்களைச் சேர்க்க வேண்டும். அடியில் உள்ள பச்சைப் புல்லியை அகற்றாவிட்டால் கூட்டு முழுவதும் துவர்க்கும். குளியல் பொடிக்கு உலர்ந்த பூவோடு பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து மில்லில் அரைப்பார்கள். மிளகாய் அரைத்த கையோடு அந்த மில்லில் கொடுத்துவிடக் கூடாது. சீயக்காய் அரைக்கும் வேளை பார்த்துப் போக வேண்டும். சித்திரை வெயிலில் காட்டு வேலை செய்கிறவர்கள் ஒரு கொத்து ஆவாரந்தழையைத் தலையில் வைத்து அதன் மேல் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். செலவில்லாத குளிர்ச்சி அது.

மருத்துவத்தில் இதன் இடம் பெரியது. இலை, பூ, பட்டை, வேர், விதை ஐந்தும் பயன்படும். நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரில் இதோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோட்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஆகியவை சேரும். 2002-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூவின் சாற்றைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார்கள். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் பூ என்றால், ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு அது கூடுதலாகக் குறைக்கவும் கூடும். இலங்கையில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைனோடு ரணவரா தேநீர் சேர்ந்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறியது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூவுக்கு மாறுவதும், மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்ப்பதும் செடிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பூவுக்கு இத்தனை பேர் இருக்க, ஒரு காலத்தில் இந்தச் செடியின் மதிப்பு பட்டையில்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோலுக்குப் பின்னால் ஆவாரம்பட்டை இருந்தது. காட்டில் கிளைகளை வெட்டி, பட்டையை உரித்து, காயவைத்துக் கட்டி அனுப்புவார்கள். பக்கத்துத் திண்டுக்கல்லும் தோல் பதனிடுவதற்குப் பெயர்போன ஊர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிர் நிறத்தில் மென்மையாக வரும். ஆனால் வெளிச்சம் பட்டால் மெல்லச் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைத்தார்கள். ஆவாரையும் கடுக்காயும் சேர்ந்து செய்த அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம், அதைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத தோல் தொழிலாளிகளின் கண்ணை வியக்கிறேன். 1903-ல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். பின்னர் வாட்டில் மரப்பட்டையும் வந்து சேர்ந்தது. ஆவாரம்பட்டைக்குக் கிராக்கி போயிற்று. செடி பிழைத்தது, ஒரு கைத்திறன் மெலிந்தது.

பூவின் பழமை அதைவிட நீளம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் ஆவிரை உண்டு. மடலேறும் காதலன் சூடிய மாலையிலும் உண்டு. இன்று இந்தப் பக்கத்து வீடுகளில் அது மிஞ்சியிருப்பது காப்புக்கட்டில். போகியன்று வேப்பிலை, கூரைப்பூ என்கிற சிறுபீளை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் தொழுவத்திலும் தோட்டத்திலும் செருகுவார்கள். முதல் நாள் தேனி, சின்னமனூர், கம்பம் கடைத்தெருக்களில் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வரும். கிளையை அரிவாளால் வெட்டி வருவதில் எனக்கு வருத்தமில்லை, அது துளிர்க்கும். வேரோடு பிடுங்குகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. அதைவிட மோசம், கரடுகளைச் சரித்து மனையாக்குகிற இயந்திரங்கள். வீட்டுமனைக் கல் நட்ட இடத்தில் அடுத்த மார்கழி மஞ்சளாக இருப்பதில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துச் செடியில் புகையும் தூசியும் படிந்திருக்கும். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வேலியில் பூச்சிமருந்துச் சாரல் விழுந்திருக்கும். இரண்டிலும் குடிக்கப் பூப் பறிக்காதீர்கள். உங்கள் புஞ்சை வரப்பிலோ வீட்டு மதிலோரத்திலோ நாலு விதை ஊன்றுவது எளிது. மாசி, பங்குனியில் கரட்டுப் பக்கம் போனால் காய்ந்த நெற்றை ஒரு கை எடுத்து வாருங்கள். பட்டாம்பூச்சிக்கும் நிலத்துக்கும் மிச்சம் விட்டு எடுங்கள். புரட்டாசியில் வெந்நீரில் ஊறவைத்து, வடகிழக்கு மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள். உரம் வேண்டாம்.